மலை கேம்பில் ரூம் லீடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் மலைமேல் நடக்கும் ஐந்து நாள் கிறிஸ்தவப் பிள்ளைகள் கேம்பில் முதல் தடவையாக ஓர் அறையைப் பொறுப்பெடுக்கப் போகும் அண்ணன்மார், அக்காமாருக்கு இது. 8 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்துப் பேசுகிறோம். ஊர் என்று கொடைக்கானலை எடுத்துக்கொள்கிறோம். அந்த ஊரே 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே போய் வீடு கட்டியதால் உருவானதுதான். இங்கே சொல்வது ஏற்காடு, ஊட்டி கேம்புகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். குளிர் மட்டும் கூடக் குறைய இருக்கும்.

ரூம் லீடருக்கு என்னதான் வேலை?

செய்தி கொடுக்க ஐயர் (சபைப் போதகர்) வருவார். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் தனித்தனி ஆள் உண்டு. ரூம் லீடரின் நேரம் இரவு 9 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிவரை. அதோடு காலைத் தியானம், சாப்பாட்டு மேசை, மத்தியான ஓய்வு. யார் பல் தேய்க்கவில்லை, யாருடைய சாக்ஸ் ஈரம், ராத்திரி யார் விசும்பியது, புது இடத்துக் கழிப்பறைக்குப் பயந்து இரண்டு நாளாக வெளிக்கே போகாமல் இருப்பது யார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை வருகிறவர்கள் பலர் வேதபாடத்தை இரண்டு வாரம் தயாரிக்கிறார்கள், டார்ச் லைட்டை மறந்துவிட்டு வருகிறார்கள். ஐந்து நாளில் அதிகம் தேவைப்படுவது டார்ச்.

ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்?

அமெரிக்க கேம்ப் சங்கம் இரவு தங்கும் கேம்புகளுக்கு வைத்திருக்கும் அளவு இது: 6 முதல் 8 வயதுக்கு ஆறு பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வயதுக்கு எட்டுப் பேருக்கு ஒருவர். நம் ஊர் கேம்புகளில் ஒரு பெரிய ஹாலில் இருபத்தைந்து பிள்ளைகளைப் போட்டு இரண்டு அண்ணன்மாரை வைப்பது நடக்கத்தான் செய்கிறது. அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது, அறைக்கு இரண்டு லீடர்கள் என்பதிலாவது விட்டுக்கொடுக்க வேண்டாம். நடுராத்திரி ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் ஒருவர் அந்தப் பிள்ளையோடு வெளியே போக வேண்டும், இன்னொருவர் அறையில் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆண்பிள்ளைகள் அறைக்கு அண்ணன்மார், பெண்பிள்ளைகள் அறைக்கு அக்காமார். இதில் விதிவிலக்கே கிடையாது.

புறப்படுவதற்கு முன் பெற்றோரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் இருக்கும். உங்கள் அறைப் பிள்ளைகளின் படிவங்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து நீங்களே வாசியுங்கள். பார்க்க வேண்டியவை: ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தினமும் போடும் மாத்திரை, தூக்கத்தில் நடப்பது, படுக்கையில் சிறுநீர் போவது, பஸ்ஸில் வாந்தி, சைவமா அசைவமா, கூட்டிப்போக வருகிறவர் பெயர். அப்பா அம்மா பிரிந்திருக்கும் வீடுகளில் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம்.

படுக்கை நனைப்பதைப் பெற்றோர் எழுத மாட்டார்கள், வெட்கம். அதனால் ‘உங்கள் பிள்ளை இரவில் எத்தனை மணிக்கு எழுந்து பாத்ரூம் போகும்?’ என்று கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பதில் தானாக வரும்.

வலிப்பு வரும் பிள்ளைக்கும், ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கும் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு வேண்டாம். மாத்திரைகள் எல்லாம் பெயர் எழுதிய கவரில் கேம்ப் நர்சிடம் போக வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர் மட்டும் அலுவலகப் பீரோவில் பூட்டப்படக் கூடாது. பிள்ளை எங்கே போகிறதோ அங்கே உங்கள் பையில் அதுவும் போக வேண்டும்.

என் பையில் என்ன இருக்க வேண்டும்?

டார்ச், கூடுதல் பேட்டரி, விசில், சிறிய நோட்டு, பேனா. ரப்பர் ஷீட் இரண்டு, பழைய பெட்ஷீட் இரண்டு, அழுத்தமான நிறத்தில் துணிப்பை இரண்டு (எதற்கென்று கீழே வரும்). ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு. நகவெட்டி, ஊக்கு, ஊசி நூல். அக்காமாரின் பையில் நாப்கின் ஒரு பாக்கெட், பெண்பிள்ளைகளுக்கு அளவான உள்ளாடை புதிதாக இரண்டு. முதல் மாதவிலக்கு கேம்பில் வந்துவிடுவது அபூர்வமில்லை. அந்தப் பிள்ளையிடம் ‘பயப்படாதே, இது நோய் இல்லை’ என்று தெளிவாகச் சொல்லி, அம்மாவோடு போனில் பேச வைக்கலாம். கேம்பில் போன் வேண்டாம் என்ற விதி இதற்குப் பொருந்தாது.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் பிளாஸ்டிக் பையும் சிறிய தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது. சோதனைச் சாவடியில் பிடுங்குவார்கள். எவர்சில்வர் பாட்டில் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸும் உண்டு. அதைக் கேம்ப் பொறுப்பாளர் பார்த்துக்கொள்வார்.

மலைப்பாதையில் வாந்தியைத் தடுக்க முடியுமா?

முழுக்க முடியாது, பாதிக்குமேல் குறைக்கலாம். வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கும் முன் பூரியும் பரோட்டாவும் கொடுத்தால் திரும்ப வரும். இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. வாந்தி எடுக்கும் பிள்ளைகள் முன் சீட்டில், முகம் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும். காமிக்ஸ், போன் இரண்டும் பைக்குள். நர்ஸ் மாத்திரை கொடுப்பதாக இருந்தால் வீட்டில் வழக்கமாகக் கொடுப்பது எது என்று படிவத்தில் இருக்க வேண்டும், மலை ஏறுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும். மூன்றாவது வளைவில் போட்டுப் பயனில்லை. பிளாஸ்டிக் கவர் கிடைக்காத ஊருக்குப் போவதால் மூடியுள்ள சிறிய வாளியில் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுத்தால் வாசனையிலேயே நாலு பேர் எடுப்பார்கள். ஜன்னலைத் திறப்பதும் வாளியை உடனே மூடுவதும்தான் மருந்து.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வது?

பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன் நீங்கள் வாருங்கள். கட்டில் ஆட்டம் காண்கிறதா, ஜன்னல் கொக்கி விழுகிறதா, பாத்ரூம் தாழ்ப்பாள் உள்ளிருந்து சிக்கிக்கொள்கிறதா, பிளக் பாயிண்ட் உடைந்திருக்கிறதா பாருங்கள். உங்கள் கட்டில் கதவுக்குப் பக்கத்தில். தூக்கத்தில் நடக்கும் பிள்ளையும் வெளியே நழுவ நினைக்கும் பிள்ளையும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கட்டில்களில் பெயர்ச்சீட்டை நீங்களே ஒட்டிவிடுங்கள். ‘யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க’ என்றால் பலசாலிக்கு ஜன்னலோரம், பயந்தாங்கொள்ளிக்குக் கழிப்பறை ஓரம் என்றாகும். ஒரே சபையிலிருந்து நாலு பேர் வந்திருந்தால் இரண்டிரண்டாகப் பிரியுங்கள். நாலு பேரையும் ஒன்றாக விட்டால் அது ஒரு கோஷ்டி, நாலையும் பிரித்தால் நாலு அழுகை.

பிறகு கழிப்பறையை எல்லாருக்கும் காட்டுங்கள். லைட் ஸ்விட்ச் எங்கே, தண்ணீர் எப்படித் திறப்பது, ராத்திரி போக வேண்டுமானால் யாரை எழுப்புவது. ‘எத்தனை மணியானாலும் என்னை எழுப்பு, நான் திட்ட மாட்டேன்’ என்பதை முதல் நாளே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

விதிகள் ஐந்துக்குமேல் வேண்டாம். பெரியவரிடம் சொல்லாமல் வெளியே போகாதே, அடுத்தவர் பையைத் தொடாதே, அடிக்காதே, பட்டப்பெயர் வைக்காதே, விளக்கணைத்தால் சத்தமில்லை.

எட்டுப் பேர் குளிக்க வெந்நீர் போதவில்லையே?

போதாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரி வெந்நீரை, 15 டிகிரி குழாய்த் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 45 லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு அரை வாளி, பத்து லிட்டர் என்று வைத்தால் நாலு பேர். 2 கிலோவாட் கீசர் மறுபடி சூடாக 40 நிமிடம். ஆகவே எட்டுப் பேரும் காலை 6க்கும் 7க்கும் நடுவில் குளிப்பது நடக்கிற காரியமில்லை. நாலு பேர் காலையில், நாலு பேர் மாலை விளையாட்டு முடிந்ததும். மறுநாள் மாற்றிவிடுங்கள். இந்தப் பட்டியலைக் கதவில் ஒட்டாவிட்டால் முதல் ஆள் முழு டேங்கையும் காலி செய்வான், கடைசி ஆள் பச்சைத்தண்ணீரில் நின்று அழுவான்.

வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் வெந்நீர். மாற்றிச் செய்தால் அவசரத்தில் கைவிட்டுச் சுட்டுக்கொள்வார்கள். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பி பிள்ளைகள் அறைக்குள் வரவே கூடாது. கரியடுப்பும் அப்படியே. ஜன்னல் மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவும் மாட்டார்கள்.

இரவில் தூங்க வைப்பது எப்படி? பன்னிரண்டு மணிவரை கொட்டமடிக்கிறார்கள்.

காரணம் பெரும்பாலும் அறைக்கு வெளியே இருக்கிறது. 8:45க்கு ஆக்‌ஷன் பாட்டில் துள்ளவிட்டு 9 மணிக்குத் தூங்கு என்றால் எந்தப் பிள்ளை தூங்கும்? கடைசிப் பாட்டு மெதுவாக இருக்கட்டும் என்று பாட்டு நடத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்கு வந்ததும் வரிசை மாறாமல் நடத்துங்கள். 9:00 கழிப்பறை, பல். 9:15 ஸ்வெட்டர், உலர்ந்த சாக்ஸ், குல்லாய். கொடைக்கானலில் மே மாதத்திலும் ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும். பகலில் வியர்த்த சாக்ஸோடு படுத்தால் கால் சில்லிட்டுத் தூக்கம் வராது. 9:25க்குப் பெரிய விளக்கை அணைத்து டார்ச்சைக் கூரையைப் பார்க்க வைத்துவிட்டு எல்லாரும் அவரவர் கட்டிலில். ‘இன்னைக்குப் பிடிச்சது ஒண்ணு, பிடிக்காதது ஒண்ணு’ என்று ஆளுக்கு அரை நிமிடம். சாப்பாடு, சண்டை, வயிற்றுவலி எல்லாம் இங்கேதான் வெளியே வரும். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 9:40க்கு ஒரு சிறிய ஜெபம். நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனம் படுக்கப்போகிறவர் சொல்வதாகவே இருக்கிறது. ஐந்து நாளும் அதையே சொன்னால் மனப்பாடமும் ஆகிவிடும்.

அதன்பின் நீங்கள் படுக்கக் கூடாது. அறை நடுவில் நாற்காலி போட்டு அரைமணி உட்காருங்கள். பேசாமல் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதிப்பேர் தூங்குவார்கள். இரண்டு பேர் குசுகுசுத்தால் ஒருவரைக் கட்டிலில் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்கச் சொல்லுங்கள். அதட்டினால் தூங்கியவர்களும் எழுந்துகொள்வார்கள்.

பேய்க்கதை வேண்டவே வேண்டாம். முதல் ராத்திரி பேய்க்கதை சொன்ன அறையில் யாரும் தனியாகக் கழிப்பறைக்குப் போக மாட்டார்கள், அடக்கிக்கொண்டு படுப்பார்கள், விடிந்தால் மூன்று படுக்கை நனைந்திருக்கும்.

படுக்கையை நனைத்துவிட்டால்?

முதலில் தடுப்பதைப் பார்ப்போம். 7 மணிக்குமேல் டீ, பால் வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கலாம். 10:30க்கு ‘கழிப்பறை ரவுண்டு’ என்று சிறிய பிள்ளைகள் எல்லாரையும் எழுப்புங்கள். குறிப்பிட்ட ஒருவனை மட்டும் எழுப்பினால் மறுநாள் அவனுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். யார் நனைப்பார் என்று படிவத்தில் தெரிந்தால், பிள்ளைகள் வருமுன்பே அந்தக் கட்டிலில் பெட்ஷீட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்துவிடலாம்.

நனைந்துவிட்டால், காலை 5:45க்கு, மற்றவர்கள் எழுமுன் கட்டில் சட்டத்தை லேசாகத் தட்டி எழுப்புங்கள். மாற்றுடையை அவன் கையில் கொடுத்து பாத்ரூமில் மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் உடையைக் கழற்றி உதவ வேண்டாம். நனைந்த துணியும் பெட்ஷீட்டும் அந்த அழுத்தமான நிறத் துணிப்பைக்குள் போகட்டும். பழைய பெட்ஷீட்டை விரித்துப் போர்வையை இழுத்துவிட்டால் கட்டில் மற்ற கட்டிலைப் போலவே இருக்கும். மெத்தையே நனைந்திருந்தால், எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்குப் போன பிறகு சமையலறைப் பின்பக்கம் வெயிலில் போட வேண்டும், அறை வாசலில் அல்ல. துணியை யார் துவைப்பது என்பதை முதல் நாளே பொறுப்பாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் என்ன பேசுவது? ‘நிறையப் பேருக்கு நடக்கும். துணி மத்தியானம் காஞ்சிடும்’. அதோடு விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லப் பொய் எதுவும் கட்ட வேண்டாம். ஒன்றும் நடக்காததுபோல் இருந்தால் போதும்.

வீட்டு ஞாபகத்தில் அழுகிற பிள்ளையை என்ன செய்வது?

முதல் நாள் புதுமையில் போய்விடும். இரண்டாம் நாள் மாலை 6 மணிக்குமேல்தான் தொடங்கும். அழுகையாகவே வரும் என்றும் இல்லை. ‘வயிறு வலிக்குது’, ‘தலை சுத்துது’, சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பது. நர்ஸ் பார்த்து ஒன்றுமில்லை என்றால் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘அழாதே, இவ்வளவு பெரிய பையன் அழலாமா’ என்பது உதவாது. ‘அம்மா ஞாபகமா? வரத்தான் செய்யும்’ என்று அதன் பெயரைச் சொல்லிவிடுங்கள். பிறகு கைக்கு ஒரு வேலை: தட்டு எண்ணி வைப்பது, பாட்டுப் புத்தகம் கொடுப்பது, மேசை துடைப்பது. சும்மா உட்கார வைத்து ஆறுதல் சொல்லச் சொல்ல அழுகை கூடும். படுக்கும்போது நாளைய நாளைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள். காலையில் பொங்கல், அப்புறம் ஏரி, மத்தியானம் கிராஃப்ட். ஐந்து நாள் என்பது மலைபோல் தெரியும் பிள்ளைக்கு நாளை மத்தியானம் எட்டிவிடும் தூரம்.

இரவில் போன் போட்டுக் கொடுக்காதீர்கள். அம்மா குரலைக் கேட்டதும் அடங்கியிருந்ததெல்லாம் உடையும், அந்தப் பக்கம் அம்மாவும் அழுவார். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் பொறுப்பாளர் முதலில் பெற்றோரிடம் தனியாகப் பேசிய பிறகு. ‘பிடிக்கலைன்னா சொல்லு, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்’ என்று அனுப்பிவைத்த வீட்டுப் பிள்ளைதான் அதிகம் தவிக்கும். அந்தக் கதவு திறந்தே இருப்பதால் வேறு எதிலும் மனம் பதியாது. புறப்படும் நாளில் பெற்றோரிடம் இதைச் சொல்லி வையுங்கள். நீங்களும் ‘நாளைக்கு அனுப்பிடறேன்’ என்று ஒப்புக்குச் சொல்லாதீர்கள். ஒரு முழுநாள் சாப்பிடவில்லை, இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்றால் அனுப்பிவைப்பதுதான் சரி. அதில் தோல்வி ஒன்றுமில்லை.

காலைத் தியானத்தை எட்டுப் பிள்ளைகளோடு எப்படி நடத்துவது?

முப்பது நிமிடத்துக்கு ஒரு பகுதி, ஒரே ஒரு விஷயம். பிரசங்கம் வேண்டாம், அது பத்து மணிக்கு ஹாலில் வரும்.

வட்டமாக வாசிக்கச் சொல்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. சென்னை, கோவையிலிருந்து வரும் ஆங்கில வழிப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தன் முறை வருவதற்குள் எத்தனை வசனம் தள்ளி நமக்கு விழும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்களே தவிர எதையும் கேட்க மாட்டார்கள். நீங்கள் வாசியுங்கள், அல்லது விரும்புகிறவர் வாசிக்கட்டும்.

இரண்டாவது, பழைய திருப்புதலின் (சபைகளில் வழக்கமாக வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின்) தமிழ். மாற்கு 4:35-41, படகில் புயல் வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு கப்பலின் ‘பின்னணியத்தில்’ தூங்குகிறார். பின்னணியம் என்றால் படகின் பின்பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். காற்றை அதட்டி, கடலைப் பார்த்து ‘இரையாதே’ என்கிறார். பிள்ளைகளுக்கு இரை என்றால் புலி பிடிக்கும் மான். இங்கே இரைவது என்றால் இரைச்சல் போடுவது என்று சொன்னதும் முகம் தெளியும். இக்காலத் தமிழில் இருக்கும் திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்த மாதிரி இடங்களில் கைகொடுக்கும். மனப்பாட வசனத்துக்கு மட்டும் அவர்கள் சபையில் கேட்கும் மொழிபெயர்ப்பே இருக்கட்டும்.

கேள்விகளைக் கண்ணால் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். எத்தனை படகு இருந்தது? (வேறு படகுகளும் கூட வந்தன என்பதைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் பிடிப்பார்கள்.) தலைக்கு என்ன வைத்திருந்தார்? சீஷர்கள் எழுப்பும்போது அவர்கள் குரல் எப்படி இருந்திருக்கும், சொல்லிக் காட்டு பார்க்கலாம்? கடைசியில்தான்: உனக்கு ‘இவருக்குக் கவலையே இல்லையா’ என்று தோன்றியது எப்போது? எல்லாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘இயேசு’, ‘ஜெபம் பண்ணணும்’, ‘பாவம் செய்யக் கூடாது’ ஆகிய மூன்றும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கைவசம் எப்போதும் இருக்கும் விடைகள். எந்தக் கேள்விக்கும் அதில் ஒன்றைப் போடுவார்கள். அந்த மூன்றும் விடையாக வராதபடி கேள்வியை அமைப்பதுதான் தயாரிப்பு.

சத்தமாக ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்களை வற்புறுத்தாதீர்கள். ஒரே வாக்கியம், ‘ஆண்டவரே, இன்னைக்கு இதற்காக நன்றி’ என்று. வேண்டாம் என்றால் பக்கத்து ஆள் கையை லேசாக அழுத்தினால் முறை தாண்டிவிடும் என்று ஏற்பாடு செய்யலாம்.

கடைசி இரவு கேம்ப் ஃபயரில் எல்லாரும் அழுகிறார்களே? தீர்மானம் எடுக்கச் சொல்லலாமா?

நாலு நாள் தூக்கம் குறைவு, நாளைக்குப் பிரிவு, இருட்டு, நெருப்பு, மெதுவான பாட்டு. இதில் ஒருவர் அழுதால் அறை முழுக்க அழும். எல்லாம் பரிசுத்த ஆவியானவரின் கிரியை என்று எண்ணிக் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கை எழுதுவது பிள்ளைகளுக்கு நியாயம் செய்வதாகாது. எட்டு வயதுப் பிள்ளை அக்காவுக்குப் பிடிக்கும் என்பதற்காகவே கை தூக்கும். போன வருடமும் தூக்கியிருக்கும். தானாக வந்து கேட்கும் பிள்ளையிடம், மறுநாள் காலை வெளிச்சத்தில், மற்றவர் பார்வையில் படும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் போய் அப்பா அம்மாவிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

பள்ளித் தோழனோடு வந்திருக்கும் இந்து, முஸ்லிம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம். இங்கே வேதபாடமும் ஜெபமும் உண்டு என்று அனுமதிக் கடிதத்தில் தெளிவாக எழுதி, பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஜெபத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நெற்றியில் இருப்பதையோ கையில் கட்டியிருப்பதையோ எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நம்பி அனுப்பிய பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது.

அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்றால் எப்படிக் கட்டுப்படுத்துவது?

தோப்புக்கரணம், முட்டி போடுதல், சாப்பாட்டை நிறுத்துதல், மற்றவர் முன் மன்னிப்புக் கேட்க வைத்தல் எதுவும் வேண்டாம். பெரும்பாலான சேட்டை மூன்று நேரங்களில்தான் நடக்கிறது: வரிசையில் காத்திருக்கும்போது, மத்தியான ஓய்வில், விளக்கணைத்த பிறகு. அந்த நேரங்களில் நீங்கள் பக்கத்தில் இருந்தால் பாதி குறையும். அடிதடி என்றால் இருவரையும் பிரித்துத் தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிடம் கழித்துத் தனித்தனியாகக் கேளுங்கள். சூட்டோடு விசாரித்தால் இரண்டாவது சுற்று ஆரம்பமாகும்.

‘நீ எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சபை’ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் துருவுவது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். சாதியைச் சுட்டும் பேச்சோ, நிறத்தை வைத்துப் பட்டப்பெயரோ காதில் விழுந்தால் சிரித்து நகராதீர்கள். அந்த நிமிடமே நிறுத்தி, பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். அறைச் சுத்தத்துக்கு மார்க் போடும் கேம்புகளில், மார்க் குறையக் காரணமான பிள்ளையை மற்ற ஏழு பேரும் படுத்துவதையும் கவனியுங்கள்.

பாதுகாப்பு விதிகள் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. தனியாகப் பேச வேண்டுமென்றால் மற்றவர் கண்ணில் படும், காதில் விழாத இடம்: வராந்தா, மைதானத் திண்ணை. ஒரே கட்டிலில் படுப்பது, மடியில் உட்கார வைப்பது, கிச்சுகிச்சு மூட்டுவது, குளிக்கும் இடத்தில் போன் வைத்திருப்பது எல்லாம் தடை. குளிர்கிறது என்று அண்ணன் போர்வைக்குள் வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னொரு போர்வை கொடுங்கள். இந்த விதிகள் பிள்ளையைக் காக்கின்றன, வீண் பழியிலிருந்து உங்களையும் காக்கின்றன.

ஒரு பிள்ளை, ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்று ஏதாவது சொன்னால்?

ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கு உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும்’ என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். ‘ஏன் அப்பவே சொல்லலை’ என்பது கேட்கவே கூடாத கேள்வி. முடிந்ததும் பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி, நேரத்தோடு எழுதி, அன்றே பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

பாலியல் குற்றமாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவில் தண்டனைக்குரியது, நிறுவனப் பொறுப்பாளருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். குழந்தைகள் உதவி எண் 1098. ‘சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்’ என்று யார் சொன்னாலும், அது ஐயரே ஆனாலும், சட்டக் கடமை உங்கள் மேலேயே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துப் பிள்ளை முன் நிறுத்துவது பெருந்தீங்கு.

உடம்புக்கு வந்தால் ரூம் லீடர் எதுவரை செய்யலாம்?

மாத்திரை எதுவும் உங்கள் கையால் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கலக்கலாம். ஒரு லிட்டர் பாக்கெட் முழுவதையும் கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு டம்ளரில் அரைப் பாக்கெட் போட்டால் உப்பு அதிகமாகித் தீங்கு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. 24 மணி நேரத்துக்குமேல் மீதியைக் கொட்டிவிடுங்கள். இரத்தம் கலந்து போனாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் மருத்துவமனை.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இடிக்கும் சாமான்களை நகர்த்துங்கள். கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

குரங்கு கீறினாலும் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு அழைத்துப்போக வேண்டும். பிள்ளைகளின் முறுக்கு, பிஸ்கட் எல்லாம் மூடியுள்ள டப்பாவில் இருந்தால் குரங்கு ஜன்னலுக்கு வராது. கொடைக்கானலில் காட்டெருமை தெருவுக்கே வரும். சாதுவாக மேய்வதைப் பார்த்து ஏமாறக் கூடாது, படம் எடுக்கக் கிட்டே போகவும் கூடாது. மழைக்குப் பின் அட்டை கடித்தால் நகத்தால் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அது வழக்கம்தான்.

எனக்குத் தூக்கமே இருக்காதா?

குறைவாகத்தான் இருக்கும். இரண்டு லீடர்களும் ராத்திரிகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். 10:30 ரவுண்டை ஒருவர், 5:45ஐ இன்னொருவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒருவர் ஒரு மணி நேரம் வேறு அறையில் போய்ப் படுக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறீர்கள் என்றால் தூக்கம்தான் காரணம்.

கடைசி நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

பையை முந்தின நாள் மாலையே கட்ட வையுங்கள். காலையில் கட்டினால் யாருடைய சாக்ஸ் யாருடைய பையில் என்று தெரியாது. கட்டிலுக்கு அடியில், பாத்ரூம் கொக்கியில், கொடிக் கயிற்றில், தலையணை உறைக்குள் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். மீதி மாத்திரை நர்சிடமிருந்து திரும்பி வந்ததா, இன்ஹேலர் உங்கள் பையில் இருக்கிறதா பாருங்கள். அவை பிள்ளையின் பைக்குள் போகாமல் நேராகப் பெற்றோர் கையில் போக வேண்டும். படிவத்தில் பெயர் இல்லாதவர், ‘நான் சித்தப்பாதான்’ என்று வந்தாலும், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்காமல் அனுப்பாதீர்கள். பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இருந்தால் (சாப்பிடவில்லை, காய்ச்சல் வந்தது, இரவில் அழுதான்) பிள்ளையைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் வாட்ஸ்அப் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பிறந்தநாள் வாழ்த்தோ, வசனமோ, அது பெற்றோர் எண்ணுக்குப் போகட்டும். ஆள் சேராமல் கிடக்கும் துணிகளைத் தரையில் பரப்பி ஒரே ஒரு படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிடுங்கள். எப்படியும் ஒற்றைச் சாக்ஸ் ஏழெட்டும் யாரும் கேட்டு வராத துண்டு ஒன்றும் மிஞ்சும்.